உண்மையான மதிப்பெண்

இல்லமும் பள்ளியும்



ஊரைவிட்டு வந்து மும்பையிலோ பெங்களூரிலோ டெல்லியிலோ சூரத்திலோ குடியேறியிருக்கிற நம்மில் பலரிடம், "ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டால், பிழைப்புக்காக என்பதோடு இன்னொரு விடையும் வரும்: "பிள்ளைகளின் படிப்புக்காக." வாடகையைக் கொடுத்தபின் கையில் மிஞ்சுகிறதைப் பள்ளிக் கட்டணத்துக்கும் டியூஷனுக்கும் எண்ணி எடுத்து வைக்கிறோம். ஆகவே, பருவ இறுதியில் வரும் மதிப்பெண் அட்டையை ஆவலோடு பிரித்துப் பார்ப்பதில் வியப்பில்லை. எண்பது, தொண்ணூறு என்று இருந்தால் மனம் நிறைகிறது. குறைந்திருந்தால் அன்று இரவு வீட்டில் சமாதானம் குலைகிறது.

இம்மாதம் அந்த எண்களைப் பற்றியே சிந்திப்போம். தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் மதிப்பெண் எதை அளக்கிறது? எதை அளக்காமல் விட்டுவிடுகிறது? நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைத்து நடத்தப்படும் பொதுத் தேர்வுகள் நம் பிள்ளைகளைக் குறித்து என்ன சொல்லுகின்றன? அவற்றை அறிந்த பெற்றோர் வீட்டில் செய்யவேண்டியது என்ன?

அட்டையில் உள்ள எண்

பள்ளியின் பருவத் தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் பாடத்தை நடத்துகிறார். பாடத்தின் இறுதியிலுள்ள வினாக்களுக்குக் கரும்பலகையில் விடை எழுதிப் போடுகிறார். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். வீட்டிலும் டியூஷனிலும் பலமுறை ஒப்புவிக்கிறார்கள். தேர்வில் அதே வினாக்கள் வருகின்றன. அதே விடைகள் எழுதப்படுகின்றன. இதில் தவறொன்றுமில்லை. நினைவாற்றலும் ஓர் ஈவுதான். ஆனால், இத்தகைய தேர்வு பிள்ளை எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதைக் காட்டுமேயன்றி, முன்பின் பாராத ஒரு பக்கத்தை அது தானாக வாசித்துப் பொருள் உணருமா என்பதைக் காட்டாது.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதை நன்கு அறிவார்கள். பழகின சங்கீதத்தின்மேல் விரல் வைத்து வரிவரியாக "வாசிக்கும்" சிறு பிள்ளையிடம், பக்கத்தைப் புரட்டி வேறொரு சங்கீதத்தைக் காட்டினால் விரல் நின்றுவிடுகிறது. அதுவரை அந்தப் பிள்ளை எழுத்துகளைப் பார்த்துச் சொல்லவில்லை, மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வகுப்பு ஏன் முக்கியம்?

முதல் இரண்டு வகுப்புகளில் வாசிப்பே பாடம். மூன்றாம் வகுப்பிலிருந்து மற்றப் பாடங்களுக்கெல்லாம் வாசிப்பே வாசல். சூழ்நிலையியல் பாடத்தைப் புரிந்துகொள்ள வாசிக்க வேண்டும். கணக்கைப் போடுவதற்கு முன் கணக்கில் என்ன கேட்கப்பட்டிருக்கிறது என்பதை வாசிக்க வேண்டும். வாசிப்பு தடைப்பட்ட பிள்ளைக்கு ஆண்டுதோறும் எல்லாப் பாடங்களும் சேர்ந்தே கடினமாகின்றன. ஆசிரியரோ அந்தந்த வகுப்பின் பாடத்தை முடிக்க வேண்டியவர். இரண்டாம் வகுப்பின் குறையைச் சரிசெய்ய ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்கு நேரமில்லை.

இதனால்தான் மத்திய அரசு 2021 ஜூலை 5 அன்று "நிபுண் பாரத்" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2026-27ஆம் கல்வியாண்டுக்குள் நாட்டின் ஒவ்வொரு பிள்ளையும் மூன்றாம் வகுப்பை முடிக்கும்போது அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. மூன்றாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை ஒரு நிமிடத்தில் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும்; 9999 வரையுள்ள எண்களை வாசிக்கவும் எழுதவும் வேண்டும் என்று அத்திட்டம் அளவு வைத்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றிருந்தது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைக்கவும், தவறினவர்களுக்கு மறுதேர்வு வைத்து அதிலும் தவறினால் நிறுத்திவைக்கவும் மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது. மத்திய அரசு தன் ஆளுகையிலுள்ள பள்ளிகளுக்கு 2024 டிசம்பரில் இதற்கான விதிகளை வெளியிட்டது. பல மாநிலங்களும் இம்முறைக்கு மாறியுள்ளன. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை தடையின்றித் தேர்ச்சி என்ற பழைய முறை தொடர்கிறது. ஆகவே, "எப்படியும் பாஸ் போட்டுவிடுவார்கள்" என்று ஊரில் கேட்ட பேச்சை நம்பி வேறு மாநிலத்தில் இருக்கிற நாம் அசட்டையாக இருக்க முடியாது. ஐந்தாம் வகுப்பில் திடீரென்று ஒரு கதவு அடைபடுவதைக் காட்டிலும், மூன்றாம் வகுப்பிலேயே நிலையை அறிந்துகொள்வது மேல்.

நாடு தழுவிய தேர்வு

எந்த மாநிலத்துப் பிள்ளையானாலும், எந்த மொழியில் படித்தாலும், ஒரே அளவான வினாக்கள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை என்று அமைவதையே தரப்படுத்தப்பட்ட தேர்வு என்கிறோம். இந்தியாவில் இத்தகைய ஆய்வுகளை என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் நடத்துகிறது. 2017லும் 2021லும் "தேசிய அடைவு ஆய்வு" என்ற பெயரில் அவை நடைபெற்றன. அண்மையில் "பரக்" என்னும் அமைப்பின்மூலம் 2024 டிசம்பர் 4 அன்று நடைபெற்ற ஆய்வில் 781 மாவட்டங்களிலுள்ள 74,229 பள்ளிகளைச் சேர்ந்த 21 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பங்குபெற்றனர். மூன்று, ஆறு, ஒன்பது ஆகிய வகுப்புகள் தெரிந்தெடுக்கப்பட்டன.

முடிவு என்ன? மூன்றாம் வகுப்பில் மொழிப் பாடத்தின் சராசரி 64 சதவீதம். கணிதத்தின் சராசரி 60 சதவீதம். ஆறாம் வகுப்பில் மொழி 57, கணிதம் 46. ஒன்பதாம் வகுப்பில் மொழி 54, கணிதம் 37. இவர்கள் ஒரே பிள்ளைகள் அல்லர்; மூன்று வெவ்வேறு வகுப்பினர். வினாத்தாள்களும் வேறு. ஆயினும், படி ஏற ஏற எண் இறங்குகிறது. அடித்தளத்தில் விட்ட இடைவெளி தானாக மூடிக்கொள்வதில்லை என்பதையே இது நினைப்பூட்டுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 55 சதவீதத்தினரே 99 வரையுள்ள எண்களை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ சரியாக அடுக்கினார்கள் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

நகரத்தில் வாழும் நாம் கவனிக்கவேண்டிய ஒரு செய்தியும் அதில் உண்டு. ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளில் நகரப் பிள்ளைகள் கிராமப் பிள்ளைகளைவிட முன்னிற்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலோ கிராமப் பிள்ளைகளே சற்று முன்னிற்கிறார்கள். நகரத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எண்ணுவதற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

இவ்வாய்வு ஒரு நாட்டின், ஒரு மாநிலத்தின், ஒரு மாவட்டத்தின் நிலையை அறிவதற்கானது. அதில் பங்குபெற்ற பிள்ளைக்குத் தனி மதிப்பெண் அட்டை வருவதில்லை. ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று சொல்லும் கணக்கு அது; நம் வீட்டுப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவேண்டியவர்கள் நாம்தான்.

ஒரு பக்கம், ஒரு பிள்ளை

தொட்டுப் பார்ப்பதற்கு ஓர் எளிய முறை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1995இல் மும்பையில் தொடங்கப்பட்ட "பிரதம்" என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் "அசர்" என்ற ஆய்வை நடத்தி வருகிறது. தொண்டர்கள் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். அத்தாளில் எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவிலான ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு கதை ஆகிய நான்கும் இருக்கின்றன. பிள்ளை எதுவரை தடையின்றி வாசிக்கிறதோ, அதுவே அதன் நிலை. கணக்கிலும் இப்படியே: எண்ணை அறிதல், கடன்வாங்கிக் கழித்தல், வகுத்தல். பெஞ்சு வேண்டாம், பயம் வேண்டாம். சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

2024ஆம் ஆண்டு ஆய்வின்படி, கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் 27 சதவீதத்தினரே அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தார்கள். 2018இலும் ஏறத்தாழ இதே அளவுதான். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் 2022இல் அது ஏறக்குறைய 20 சதவீதமாக விழுந்து, மீண்டும் எழுந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பிலோ பாதிக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகளே அக்கதையை வாசித்தார்கள். மற்றப் பாதியினரும் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களே.

"அங்கே 64 சதவீதம், இங்கே 27 சதவீதமா? எது உண்மை?" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள். 64 என்பது பிள்ளைகள் சரியாக எழுதிய விடைகளின் சராசரி. அது பள்ளியில், கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் முறையில் நடப்பது. 27 என்பது குறிப்பிட்ட ஒரு கதையை வாய்விட்டு வாசிக்க முடிந்த பிள்ளைகளின் பங்கு. விடையைத் தெரிந்தெடுக்கும்போது ஊகத்துக்கு இடமுண்டு. வாய்விட்டு வாசிக்கும்போது அதற்கு இடமில்லை. எந்த எண்ணைக் கேட்டாலும், "இது எதை அளந்த எண்?" என்று முதலில் கேட்கப் பழகுவோமாக.

கள்ளத்தராசு

மதிப்பெண்ணே குறியாகிவிட்டால் என்ன நேரிடும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது. 2002இல் அந்நாட்டில் கையெழுத்தான சட்டம் ஒன்று, மூன்றாம் வகுப்பு முதல் ஆண்டுதோறும் பொதுத் தேர்வு நடத்தவும், முன்னேற்றம் காட்டாத பள்ளிகள்மேல் நடவடிக்கை எடுக்கவும் வழிசெய்தது. அட்லாண்டாவின் பள்ளிகளில் மதிப்பெண்கள் வியக்கத்தக்க வேகத்தில் உயர்ந்தன. பாராட்டுகளும் பரிசுத் தொகைகளும் வந்தன. ஆனால், விடைத்தாள்களில் அழித்துத் திருத்தப்பட்ட இடங்கள் அளவுக்கு மிஞ்சியிருந்தன. தவறான விடைகள் அழிக்கப்பட்டுச் சரியான விடைகள் குறிக்கப்பட்டிருந்தன. மாநில அரசின் விசாரணை அறிக்கை 2011 ஜூலையில் வெளிவந்தபோது, ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு நடந்ததும், ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர் அதில் தொடர்புற்றதும் தெரியவந்தது. 2015 ஏப்ரலில் அவர்களுள் 11 பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்த்தது.

இதில் பெரும் இழப்பு யாருக்கு? தண்டனை பெற்ற ஆசிரியர்களுக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால், அவர்களைவிட அதிகமாக இழந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளையின் தாளில் "தேர்ச்சி" என்று எழுதிவிட்டால், அதற்குக் கிடைத்திருக்கவேண்டிய தனிக் கவனமும் கூடுதல் வகுப்பும் இல்லாமற்போகின்றன. குறைந்த மதிப்பெண் உண்மையாக இருந்தால் உதவியை வரவழைக்கும். உயர்ந்த மதிப்பெண் பொய்யாக இருந்தால் வரவிருந்த உதவியைத் தடுத்துவிடும். பிள்ளையின் கல்வியில் கள்ளத்தராசு செய்யும் தீங்கு இதுவே. டியூஷன் ஆசிரியர் எழுதிக் கொடுத்த புராஜெக்டும், தாயார் இரவில் உட்கார்ந்து முடித்த வீட்டுப்பாடமும் அதே தராசின் சிறிய தட்டுகள்தாம்.

வீட்டில் ஒரு சிறு சோதனை

இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இவ்வாரத்தில் ஒரு மாலை வேளையைத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு என்று சொல்லாதீர்கள். "எனக்கு ஒரு கதை வாசித்துக் காட்டு" என்று சொல்லுங்கள்.

முதலாவது, பிள்ளை பள்ளியில் எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியில், அது இதுவரை பார்த்திராத இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதையை எடுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளையின், வேறு பள்ளியின் புத்தகமாக இருந்தால் நல்லது. தன் புத்தகமானால் நினைவு வந்து உதவிவிடும்.

இரண்டாவது, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இடையில் திருத்தாதீர்கள். சொற்களைத் தனித்தனியே உதிர்க்காமல், வாக்கியமாகச் சேர்த்து, மிகச் சில பிழைகளோடு வாசித்தால் அந்தக் கதை அதற்கு வசப்பட்டிருக்கிறது. தடுமாறினால் முதல் வகுப்புப் பத்தியைக் கொடுங்கள். அதுவும் முடியவில்லையென்றால் சொற்கள். அதற்கும் கீழே எழுத்துகள். எங்கே நிற்கிறதோ, அங்கேதான் உதவி தொடங்கவேண்டும்.

மூன்றாவது, புத்தகத்தை மூடிவைத்து, "கதையில் என்ன நடந்தது?" என்று தமிழில் கேளுங்கள். இது மிகவும் அவசியம். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் சொற்களை அழகாக உச்சரிக்கிறார்கள். பொருளோ ஒன்றும் தெரிவதில்லை. பக்கத்து வீட்டார் கேட்டு மெச்சுவார்கள், பெற்றோரும் மகிழ்ந்துபோவார்கள். பொருள் இல்லாத வாசிப்பு உமியைக் குத்துவதுபோலாகும். கை வலிக்கும், அரிசி கிடைக்காது.

நான்காவது, கணக்கு. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு, "ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்தைந்து ரூபாய்க்குக் காய் வாங்கினால் மீதி எவ்வளவு?" என்று வாயால் கேளுங்கள். சில பிள்ளைகள் இரண்டாவதை உடனே சொல்லி, முதலாவதில் விழிப்பார்கள். சிலர் இதற்கு நேர்மாறு. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்களைக் குறித்து 2025இல் வெளியான ஓர் ஆய்வு இதையே கண்டது. சந்தையில் சிக்கலான கணக்கை மனத்தில் போட்ட சிறுவர்கள், அதையே பள்ளிக் கணக்காக எழுதிக் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ தாளில் போட்ட கணக்கைச் சந்தை விலையில் போடத் திணறினார்கள். கடைக்குப் போகும்போது பிள்ளையை அழைத்துச் சென்று, மீதியை அதுவே எண்ணி வாங்கச் செய்து, வீட்டுக்கு வந்து அதே கணக்கைத் தாளில் எழுதச் சொன்னால் இரண்டு கரையும் இணையும்.

மொழி என்னும் சுமை

நம் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு பாரம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ கன்னடமோ, வகுப்பில் ஆங்கிலம். ஒரு பிள்ளை வினாவுக்கு விடை எழுதவில்லையென்றால், விடை தெரியவில்லையா, வினாவின் மொழி தெரியவில்லையா என்பதை மதிப்பெண் பிரித்துச் சொல்வதில்லை. கதையைத் தமிழில் சொல்லக் கேட்பதற்குக் காரணம் இதுவே. தமிழில் தெளிவாகச் சொல்லுமானால், அதன் அறிவு நன்றாயிருக்கிறது. பள்ளி மொழியில் எழுதப் பழக்கினால் போதும்.

நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்ற அளவைத் தமிழுக்கு அப்படியே பொருத்தி அஞ்ச வேண்டாம். "அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்பது தமிழில் இரண்டே சொற்கள். அதையே இந்தியில் "வே ஆ ரஹே ஹை" என்று நான்கு சொற்களாகச் சொல்லுவார்கள். நம் சொற்கள் நீளமானவை. ஆகவே நிமிடத்துக்கு எண்ணிக்கை குறையும். 2022 மார்ச்சில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மத்திய அரசு நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்விலும், இதனாலேயே ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி அளவு வகுக்கப்பட்டது.

"வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டால் ஆங்கிலம் வந்துவிடும்" என்று சில பெற்றோர் எண்ணுகிறார்கள். நாம் அரைகுறையாய்ப் பேசும் ஆங்கிலத்தைவிட, நாம் நிறைவாய்ப் பேசும் தமிழே பிள்ளையின் சிந்தனைக்கு உரம். தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்புவரையேனும் வீட்டு மொழியில் கற்பிக்கவேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது என்பதும் நினைவிருக்கட்டும். எந்தப் பள்ளியைத் தெரிந்துகொண்டாலும், இரவில் தமிழில் ஒரு கதை சொல்லுவதற்குத் தடையேதுமில்லை.

குறை தெரிந்தபின்

குறையைக் கண்டுகொண்ட வீட்டில் முதலில் எழும்புவது கோபம். "இவ்வளவு பணம் கட்டியும் இதுதானா?" என்று பிள்ளையை அடிப்பதும், உறவினரின் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வாசிப்பைக் கற்றுத்தராது; புத்தகத்தைக் கண்டால் ஒளிந்துகொள்ளவே கற்றுத்தரும். நோயைக் கண்டுபிடித்த மருத்துவர் நோயாளியைத் திட்டுவதில்லை.

என்ன செய்யலாம் என்பதற்கு மும்பையிலேயே சான்று உண்டு. மும்பையிலும் வடோதராவிலும் மாநகராட்சிப் பள்ளிகளில் "பால்சகி" என்னும் முயற்சி நடைபெற்றது. அதே வட்டாரத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணிநேரம் தனியே அழைத்துவைத்து, அவர்கள் நிற்கும் படியிலிருந்து எழுத்தும் எண்ணும் கற்பித்தார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியலறிஞர்கள் அதை ஆராய்ந்து, தேர்வு மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்ததையும், பின்தங்கிய பிள்ளைகளே மிகுதியாகப் பயனடைந்ததையும் கண்டார்கள். இவ்விருவரும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். அவர்கள் கண்ட மற்றொன்றும் உண்டு: அந்த உதவி நின்று ஓராண்டு சென்றபோது, பயனில் ஒரு பகுதியே எஞ்சியிருந்தது. ஆகவே, ஒரு மாதம் செய்துவிட்டு ஓய்ந்துபோவது போதாது.

அந்த இளம்பெண்கள் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் அல்லர். பள்ளிப் படிப்பை முடித்து, பொறுமையும் தவறாத நேரமும் கொடுத்தவர்கள். நம் சபைகளில் கல்லூரியில் படிக்கும் வாலிபர்களும், படித்துவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகளும் எத்தனை பேர்! சபைக் கட்டடமோ வார நாட்களில் மாலையில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் நான்கு மாலைகள், ஒரு மணிநேரம், பத்துப் பிள்ளைகள். வகுப்பின்படி பிரிக்காமல், வாசிப்பு நிற்கும் படியின்படி பிரித்து உட்காரவைத்தால் போதும். சொற்களில் நிற்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் அமரலாம். பெரியவன் வெட்கப்படாதபடி, சிறியவனுக்கு உதவி செய்யும் பொறுப்பை அவனுக்குக் கொடுங்கள்.

பள்ளி ஆசிரியரிடமும் பேசுங்கள். "ஏன் மார்க் குறைந்தது?" என்று தொடங்கினால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளவே முயலுவார். "என் பிள்ளை பத்தியை வாசிக்கிறது, கதையில் தடுமாறுகிறது, வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். நாற்பது ஐம்பது பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியருக்கு, இப்படித் தெளிவாகக் கேட்கும் பெற்றோர் ஒரு துணையே. போதுமான முயற்சிக்குப் பிறகும் எழுத்துகள் பிள்ளையின் மனத்தில் நில்லாமல் குழம்பிக்கொண்டேயிருந்தால், கண்பார்வையையும் செவித்திறனையும் பரிசோதியுங்கள். கற்றல் குறைபாடு உண்டா என்று தகுந்த மருத்துவரிடம் கேளுங்கள். சோம்பல் என்று நாம் பெயரிட்டது பலவேளைகளில் ஒரு மூக்குக்கண்ணாடியால் தீர்ந்துபோகிறது.

பிரியமானவர்களே, அட்டையில் உள்ள எண் பெரிதாக இருப்பதைவிட உண்மையாக இருப்பதே நம் பிள்ளைகளுக்கு நன்மை. தொண்ணூறு என்ற பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாம் வகுப்பில் திகைத்து நிற்பதைக் காட்டிலும், "இன்னும் கதை வாசிக்க வரவில்லை" என்ற உண்மையை எட்டு வயதில் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு நாட்களும் உண்டு, வழியும் உண்டு. இவ்வாரம் ஒரு கதைப் பக்கத்தை எடுத்துப் பிள்ளையின் அருகில் உட்காருங்கள். அது வாசிப்பதைப் பொறுமையோடு கேளுங்கள்.

வீட்டிலேயே தமிழ் எழுத்துகளைக் கற்பிக்கும் எளிய முறைகளை அடுத்த இதழில் காண்போம்.